தரங்கம்பாடியும் தாலின் நகரமும்

"சேர், ஊருக்குப் பேர் வைக்கிறது ஆர்?"

வகுப்பறையில் ஒரு மாணவி எழுந்து நின்று இவ்வாறு கேட்டாள். தத்தம் ஊரின் பெயரைப் பற்றி ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதிவருமாறு முதல்நாள் பணித்திருந்தேன். வகுப்பிலுள்ளோரிற் பெரும்பாலோர் வட்டக்கச்சிப் பிள்ளைகள். ஏனையோர் இராமநாதபுரம், முரசுமோட்டைப் பகுதியினர். எழுத அமர்ந்தபோது எழுந்த ஐயம் இது. "ஊரை ஆண்ட அரசன் வைத்திருப்பான்; அல்லது முதலிற் குடியேறியவர்கள் வைத்திருப்பார்கள்" என்று கூறி நிறுத்தினேன். பிள்ளை அமர்ந்தாளேயன்றி அவள் முகத்தில் நிறைவு காணப்படவில்லை. உண்மையைச் சொல்வதானால் எனக்கும் நிறைவில்லை.

அக்கேள்விக்கு விடை தேடியே கடல் கடந்தேன் என்று கூறினால் அது மிகையாகும். உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றின் பொருட்டே சோழநாட்டுக்குச் சென்றேன். திருமணம் முடிந்த மறுநாள் முழுவதும் கையில் இருந்தது. பழைய துறைமுகம் ஒன்று அண்மையில் உண்டு என்று அறிந்தபின், வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் ஒருவனின் கால்கள் சும்மா இருக்குமா? அவ்வாறு நான் ஒரு பகற்பொழுதைக் கழித்த ஊரே தரங்கம்பாடி.

ஒரே கரையில் ஐந்து கொடிகள்

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் அது மீண்டும் புறப்பட்டது. கப்பலேறினால் நான்கு மணிநேர அளவில் அக்கரை தோன்றிவிடுகிறது. நம் முன்னோர் பாய்மரத்தோணியிற் போய்வந்த கடலன்றோ இது!

நாகபட்டினத்திலிருந்து வடக்கே செல்லும் பேருந்து நாகூரைக் கடந்து காரைக்காலுக்குள் நுழைகிறது. அங்கிருந்து சிறிது நேரத்தில் தரங்கம்பாடி. இக்குறுகிய வழியை வரலாற்றுப் புத்தகத்தின் ஓர் அத்தியாயம் எனலாம். நாகபட்டினத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் 1658 இற் பறித்தனர். 1781 இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் வசமிருந்தது. தரங்கம்பாடியோ டென்மார்க் நாட்டாரின் துறைமுகம். ஐரோப்பாவின் ஐந்து நாட்டுக் கொடிகள் இச்சிறு கரையில் ஏறி இறங்கிவிட்டன.

ஊரின் வாயிலில் வெண்சுண்ணம் பூசிய பழைய கோபுரவாயில் ஒன்று நிற்கிறது. அது 1792 இல் எழுப்பப்பட்டது. அதனுள்ளே நுழைந்தால் நேரே கடலை நோக்கிச் செல்லும் இராசவீதி. இருமருங்கும் தடித்த சுவர்களும் அகன்ற தாழ்வாரங்களும் உடைய பழைய வீடுகள். இடையே 1718 இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம். வீதி முடியுமிடத்தில் டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறது. கோட்டைக்கு வடபுறம், அலை வந்து மோதும் எல்லையிலே, மாசிலாமணிநாதர் கோயில். கோயிலின் பழைய கட்டடத்திற் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அண்மைக்காலத்தில் திருப்பணி செய்து வழிபாட்டைத் தொடர்கின்றனர். கரையைக் காக்கக் கருங்கற்களைக் குவித்துள்ளனர்.

அரசன் இட்ட பெயர் எங்கே?

மாசிலாமணிநாதர் கோயிலைக் கட்டுவித்தவன் மாறவர்மன் குலசேகர பாண்டியன். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த கோயில் அது. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும், குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. ஊர்ப்பெயர் ஒன்று; அரசன் தன் பெயரை விளங்கச்செய்ய இட்ட பெயர் மற்றொன்று.

பாடி என்பது ஊரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். முல்லைநிலத்து ஊரைப் பாடி என்றும், நெய்தல்நிலத்து ஊரைப் பாக்கம், பட்டினம் என்றும் நம் இலக்கண நூலார் வகுத்துரைப்பர். கடலோரத்து ஊருக்குப் பட்டினம் என்பதே பொருத்தமான பெயர். அரசனும் அதையே சூட்டினான். ஆயினும் அப்பெயர் கல்லிலே தங்கிவிட்டது. மக்கள் வாயில் நிலைத்தது பாடி. தரங்கம் என்றால் அலை. 'அலைகள் பாடும் ஊர்' என்று இன்று சுற்றுலா வருவோர்க்குப் பொருள் சொல்கிறார்கள். இலக்கணம் அறிந்தவன் அதனைக் கேட்டுப் புன்னகைப்பான். பாடி என்பது ஊரேயன்றிப் பாட்டன்று. ஆனால் அக்கரையில் ஒரு நாழிகை நின்றால் அந்தப் பொருளைக் கற்பித்தவனை மன்னித்துவிடுவான்.

என் மாணவிக்கு நான் கூறிய விடையின் முதற்பகுதி இங்கே உடைந்தது. ஊரை ஆண்ட அரசன், அதுவும் தமிழரசன், இட்ட பெயர் நிலைக்கவில்லை.

திருகோணமலைக்கு வந்த கப்பல்கள்

டேனியர் தரங்கம்பாடிக்கு வந்த கதை நம் நாட்டிலே தொடங்குகிறது என்பதைப் பலர் அறியார். டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்கேகன், பால்டிக் கடலின் வாயிலில் உள்ள துறைமுகம். அதன் பெயருக்கே வணிகர் துறை என்று பொருள். அங்கே 1616 இல் மன்னன் நான்காம் கிறிஸ்தியானின் ஆதரவில் கிழக்கிந்தியக் கம்பனி ஒன்று நிறுவப்பட்டது. போசவர் என்னும் ஒல்லாந்தர் அவ்வரசவையை அடைந்து, கண்டி அரசன் செனரதனின் தூதன் தான் என்று கூறி, போர்த்துக்கேயரை எதிர்க்கக் கப்பலும் படையும் வேண்டினார். பதிலுக்கு இலங்கையின் வாணிபம் கிடைக்கும் என்றார்.

1618 நவம்பரில் ஓவே கெட்டே என்பவரின் தலைமையிற் கப்பல்கள் புறப்பட்டன. தலைவருக்கு இருபத்துநான்கு வயதும் நிறையவில்லை. நோயினால் வழியிலேயே நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அழைத்துவந்த போசவரும் இறந்தார். 1620 இல் கப்பல்கள் இலங்கையை அடைந்தபோது, போசவர் செய்த உடன்படிக்கையைக் கண்டி அரசன் ஏற்கவில்லை. பின்னர் ஒருவாறு இணக்கம் ஏற்பட்டுத் திருகோணமலையிற் கோட்டை அமைக்கும் முயற்சி தொடங்கியது. அதுவும் நிலைக்கவில்லை.

அதற்கு முன்னரே சோழக்கரையில் வேறொன்று நிகழ்ந்திருந்தது. முன்னோடியாக வந்த ஒரேசுன் என்னும் கப்பலைக் காரைக்காலுக்கு அப்பாற் போர்த்துக்கேயர் அழித்தனர். பால்டிக் கடலின் வாயிலாகிய நீரிணையின் பெயரைத் தாங்கி வந்த கப்பல் நம் கடலில் மூழ்கியது. உயிர்தப்பிய ரோலண்ட் கிராப்பே என்னும் தலைவர் தஞ்சை இரகுநாத நாயக்கரின் அவையை அடைந்தார். வாணிபத்தில் நாட்டமுள்ள நாயக்கர் டேனியரை வரவேற்றார். 1620 நவம்பரில் உடன்படிக்கை எழுதப்பட்டது. தரங்கம்பாடியிற் கோட்டை எழுந்தது. இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னனுக்குப் பொற்றகட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் உள்ளது.

வந்தவர்கள் ஊரின் பெயரைத் தம் நாவுக்கு இசையத் திருத்திக்கொண்டனர். தர என்பது திர ஆகி, பாடி என்பது பார் ஆகி, டிராங்குபார் பிறந்தது. உலகப் படங்களில் அதுவே இடம்பெற்றது.

ஒற்றை மனிதர்

கோட்டையினுள் உள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, என் நினைவில் ஒரு சாதாரணப் போர்வீரர் வந்து நின்றார். அவர் பெயர் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே.

ஐரோப்பாவில் நடந்த போர்களால் டென்மார்க் நலிவுற்றது. கம்பனி 1650 இற் கலைக்கப்பட்டது. கால்நூற்றாண்டுக்கு மேலாக ஒரு டேனியக் கப்பலேனும் தரங்கம்பாடிக்கு வரவில்லை. இருந்த டேனியர் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். 1655 ஆம் ஆண்டளவில் எஞ்சியவர் கொங்ஸ்பாக்கே ஒருவரே. அவர் எழுத்தறியாதவர். ஆயினும் ஊர்மக்களின் துணையோடு கோட்டையைக் காத்தார். தஞ்சைப் படை நெருக்கியபோது ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். பின்னர் நாயக்கரோடு இணக்கமும் செய்துகொண்டார். 1669 இல் டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்தபோது, அந்நாட்டுக் கொடி கோட்டையின்மீது பறந்துகொண்டிருந்தது. அவரையே ஆளுநராக்கினர்.

இதனை ஒரு வீரக்கதையாகவே எழுதுவது வழக்கம். நான் வேறொன்றை எண்ணினேன். ஒரு நாட்டின் துறைமுகம் என்று படத்தில் எழுதப்பட்ட ஊரில் அந்நாட்டார் ஒருவரே இருந்தார். அப்படியானால் அவ்வளவு காலமும் அங்கே மதிலுக்கு மண் சுமந்தவர் யார்? வலை வீசியவர் யார்? சந்தை கூட்டியவர் யார்? அவர்கள் தம் ஊரை எப்பெயரால் அழைத்திருப்பார்கள்?

மற்றொரு செய்தியையும் சொல்லாமற் செல்லலாகாது. 1706 யூலை 9 ஆம் நாள் இத்துறையில் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் செருமானிய மதகுரு, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708 இல் ஓர் அட்டவணை தொகுத்தார். அவர் அமைத்த அச்சகத்திலிருந்து 1714, 1715 ஆம் ஆண்டுகளில் விவிலியத்தின் புதிய ஏற்பாடு தமிழில் வெளிவந்தது. சமயம் வேறாயினும் தமிழ் அச்சுக்கு அவர் செய்த தொண்டை மறப்பது நன்றியன்று.

பால்டிக் கரையில் ஓர் இரட்டைப் பிள்ளை

நிற்க. டான்ஸ்போர்க் என்ற பெயருக்குப் பொருள் என்ன? டேனியர் கோட்டை என்பதே. இப்பெயரைக் கேட்டதும் தொலைவிலுள்ள வேறொரு துறைமுகம் நினைவுக்கு வரவேண்டும். பால்டிக் கடலின் கரையில், எஸ்தோனியா நாட்டின் தலைநகராக விளங்கும் தாலின் அது. எஸ்தோனிய மொழியில் தானி என்றால் டேனியருடையது. லின் என்றால் கோட்டை, நகர். தானிலின் என்பதே தாலின் ஆயிற்று என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஆகவே தாலின் என்றாலும் டான்ஸ்போர்க் என்றாலும் பொருள் ஒன்றே. ஒன்று பனிக்கடலோரம், மற்றொன்று சோழக்கடலோரம்.

தாலின் கதையைச் சுருக்கிச் சொல்வேன். பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் அவ்விடத்தை லிண்டனிசே என்று குறித்தார். 1219 இல் டென்மார்க் மன்னன் இரண்டாம் வால்டெமார் படையெடுத்து வந்து அதனைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினான். அப்போரின்போதே டென்மார்க்கின் கொடி வானத்திலிருந்து விழுந்தது என்று அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு இன்றும் கதை சொல்வர். பின்னர் செருமானிய வணிகர் வந்து நிறைந்தனர். நகரம் அன்சா வணிகக் கூட்டமைப்பிற் சேர்ந்தது. 1346 இல் டென்மார்க் மன்னன் வட எஸ்தோனியாவை 19,000 மார்க்கு வெள்ளிக்குச் செருமானிய வீரத்துறவியர் சங்கத்துக்கு விற்றான். 1561 இற் சுவீடன், 1710 இல் உருசியா என்று ஆட்சிகள் மாறின.

இத்தனை நூற்றாண்டும் ஆவணங்களில் அந்நகரின் பெயர் ரேவால். செருமானியப் பிரபுக்களும் வணிகரும் வழங்கிய பெயர் அது. தாலின் என்பது வயலிலும் சந்தையிலும் எஸ்தோனியக் குடியானவர் வழங்கிய பெயர். 1918 இல் எஸ்தோனியா தன்னுரிமை அறிவித்தபின் குடியானவரின் பெயரே நாட்டின் தலைநகர்ப் பெயராயிற்று. மீண்டும் ஆட்சிகள் மாறி, 1991 இல் விடுதலை திரும்பியபோதும் அப்பெயரே நின்றது.

இதிலொரு வேடிக்கை உண்டு. ரேவால் என்பது அயலார் கொண்டுவந்த சொல்லன்று. ரேவலா என்பது அப்பகுதிக்கு எஸ்தோனியர் முன்பே வழங்கிய பெயர். அயலவனின் கோட்டையைச் சுட்டும் பெயரோ தாலின். மண்ணிற் பிறந்த பெயரைப் பிரபுக்கள் எடுத்துக்கொண்டனர். மக்கள் அயலவன் கோட்டையின் பெயரைத் தமதாக்கிக்கொண்டனர். ஆகவே ஒரு பெயர் எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வி. யார் வாயில் வளர்ந்தது என்பது வேறு கேள்வி. தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை என்ற பெயர் கோட்டைச் சுவரோடு நின்றுவிட்டது. தாலினில் அதே பெயர் ஊர்முழுதும் பரவியது. இரண்டிடத்தும் முடிவு செய்தவர் அங்கு வாழ்ந்த மக்களே.

விற்பனை ஒற்றுமையும் கருதத்தக்கது. 1845 இல் டென்மார்க் மன்னன் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் ஆங்கிலக் கம்பனிக்குப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு விற்றான். தாலின் விற்கப்பட்டு ஐந்நூறு ஆண்டு நிறைய ஓராண்டே குறைவு. அங்கும் ஊராரைக் கேட்கவில்லை, இங்கும் கேட்கவில்லை. 1861 இல் நாகபட்டினத்துக்கு இரயில் வந்ததும் வாணிபம் அங்கே சென்றது. தரங்கம்பாடித் துறை ஓய்ந்தது.

கரையில் ஒரு பெரியவர்

மாலையிற் கோட்டைக்கு வெளியே வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் அருகே அமர்ந்தேன்.

"எந்த ஊருங்க தம்பி?" என்றார்.

"இலங்கை, ஐயா. வன்னியிலே வட்டக்கச்சி. எங்கள் பக்கத்துக் கடல் முல்லைத்தீவு."

"அங்கயும் வந்துச்சுல்ல, அந்த மார்கழியில?"

எது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஒரே கடல் எழுந்து இரு கரைகளையும் அடித்தது. முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கில் மாண்டனர். சிறிது நேரம் இருவரும் பேசாதிருந்தோம். பிறகு, வெளிநாட்டார் இவ்வூரை டிராங்குபார் என்கிறார்களே, நீங்களும் அப்படிச் சொல்வதுண்டா என்று கேட்டேன்.

"அது நமக்கு வாயில வராதுங்க" என்று சிரித்தார். கோட்டையைத் தலையால் சுட்டி, "அது டேனிஷ்காரன் கட்டினது. ஊரு நம்ம ஊரு" என்றார்.

அப்பாச்சி சொன்ன பெயர்

திரும்பும் வழியில் என் அப்பாச்சியை நினைத்துக்கொண்டே வந்தேன். அவர் பிறந்த ஊர் வேலணை. ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டியபோது வேலணைத் தீவை லெய்டன் என்றனர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. லெய்டன் என்ற சொல்லை அப்பாச்சி தம் வாழ்நாளிற் கேட்டதேயில்லை. இரணைமடுக் குளத்து நீரை நம்பி, பாட்டனாரோடு வட்டக்கச்சிக்கு வந்து காடு வெட்டிக் கழனியாக்கினார். அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கு வாழ்ந்தும், ஊர் என்றால் அவருக்கு வேலணைதான். "ஊருக்குப் போகவேணும்" என்பார். திருவிழாவுக்கு வேலணைக்குப் போவதையே அது குறிக்கும். எங்கள் அயலிலும் அப்படியே. மலையகத்திலிருந்து அடிபட்டு வந்தவர்களுக்கு ஊர் வேறு. தீவகத்திலிருந்து வந்தவர்களுக்கு ஊர் வேறு.

2009 இல் எல்லோரும் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டோம். செட்டிகுளத்து முகாமில் பதிவு செய்வதற்கு வரிசையில் நின்றோம். அப்பாச்சியின் முறை வந்தது. பெயர் கேட்டனர், சொன்னார். ஊர் கேட்டனர். வேலணை என்பார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"வட்டக்கச்சி" என்றார்.

அவ்வேளையில் வட்டக்கச்சியில் ஓர் ஆளும் இல்லை. வீடுகளுக்குக் கூரை இல்லை. வாய்க்காலில் நீர் விடுவாரில்லை. அந்த ஊர் அன்று இருந்த இடம் அவர் நாவும், அவரைப்போல் வரிசையில் நின்றோரின் நாவுமே. மீளக்குடியேறியபின், சொந்த மண்ணில் அவர் கண்மூடினார். பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதியவன் நான். வேலணையைப் பிறப்பிடமாகவும் வட்டக்கச்சியை வதிவிடமாகவும் கொண்ட, என்று நாம் வழக்கமாக எழுதும் அந்த ஒரு வரியை எழுதும்போது என் கை சற்று நின்றது. தரங்கம்பாடிக் கரையிலிருந்து திரும்பியபோதுதான் அது ஏன் நின்றது என்பது எனக்கு விளங்கிற்று.

பாடசாலை தொடங்கியதும் அந்த மாணவியை அழைத்தேன். "பிள்ளை, அன்று நான் சொன்னது சரியில்லை. பேரை ஆரும் வைக்கலாம். அதை நிலைக்கவைக்கிறது அதைச் சொல்லி வாழுற ஆக்கள்தான்" என்றேன். குலசேகர பாண்டியன் கதையையும், ஒற்றை டேனியரின் கதையையும், தாலின் கதையையும் வகுப்பு முழுவதற்கும் சொன்னேன். பிறகு கட்டுரைத் தலைப்பைச் சிறிது மாற்றினேன். ஊரின் பெயர் மட்டும் போதாது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் வயல்களுக்கும் குளங்களுக்கும் ஒழுங்கைகளுக்கும் வழங்கும் பெயர்களையெல்லாம் எழுதிவருக என்றேன்.

மறுவாரம் வந்த கொப்பிகளில் எந்தப் படத்திலும் காணாத பெயர்கள் நிறைந்திருந்தன. அந்த மாணவி மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். இதனைப் படிக்கும் பிள்ளைகளும் தம் வீட்டு முதியோரிடம் இன்றே கேட்டு எழுதிவைப்பார்களாக. சொல்வார் இருக்கும்போதே கேட்பது நலம்.